அமைதி என்று நான் சொன்னது

காயத்ரிக்கு,

புதன்கிழமை சாயங்காலம் நீ போனில் கேட்டதற்கு நான் சொன்ன பதிலைத் திரும்பப் பெறுவதற்காக இதை எழுதுகிறேன். "அவா குடுக்கற பேப்பர்ல ஒரு கையெழுத்தைப் போட்டுட்டு சும்மா இருடி, எல்லாம் அமைதியாப் போகட்டும்" என்றேன். "சரிம்மா" என்றாய் நீ. ரசத்தில் உப்பு கூடவா குறைவா என்பதற்கே என்னோடு கால்மணி நேரம் வாதாடுகிறவள் நீ. கல்யாணம் வேண்டாம் என்று சொன்னபோதும், சிவில் இன்ஜினீயரிங்தான் படிப்பேன் என்று நின்றபோதும், நான் ஒன்று சொன்னால் நீ நான்கு சொன்னாய். அப்படிப்பட்டவள் இவ்வளவு பெரிய விஷயத்துக்கு ஒற்றை வார்த்தையில் அடங்கிவிட்டாய். மூன்று நாளாக அந்த 'சரிம்மா'தான் என் காதில் கேட்டுக்கொண்டிருக்கிறது. இதை நேரிலோ போனிலோ சொல்ல முயன்றால் என் குரல் உடையும். அதை நீ கேட்பதில் எனக்குச் சம்மதமில்லை. அதனால்தான் கடிதம்.

நடந்ததை நான் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா என்று பார். பிழை இருந்தால் திருத்து. நீ சேஃப்டி ஆபீசராக இருக்கிற அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில், ஏழாவது மாடிக்கு வெளியே கட்டியிருந்த சாரத்தில் கட்டுகள் தளர்ந்திருந்தன. மறுபடி கட்டும்வரை யாரும் அதில் ஏறக்கூடாது என்று போன வாரம் வியாழக்கிழமை நீ பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டாய். சனிக்கிழமை அதே சாரத்தில் ஆளை ஏற்றிப் பூச்சு வேலை செய்ய வைத்தார்கள். தென்காசிப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் கீழே விழுந்து இறந்துபோனார். இப்போது பதிவேட்டில் நீ எழுதிய பக்கம் இல்லை. சாரம் நன்றாகத்தான் இருந்தது, அவர்தான் பாதுகாப்பு பெல்ட்டைக் கழற்றிவிட்டு நின்றார் என்று கம்பெனி ஒரு தாளைத் தயார் செய்து வைத்திருக்கிறது. திங்கட்கிழமை அரசாங்க விசாரணையில் அதில் நீ கையெழுத்துப் போட வேண்டும். போட மறுத்தால் உன்னிடம் ஆதாரமாக இருப்பது அந்தப் பக்கத்தைப் போனில் எடுத்து வைத்த ஒரு படம் மட்டும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, கடைசியில் நீ வேறொன்று சொன்னாய். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. பிணவறை வாசலில் அந்தக் கொத்தனாரின் மனைவி உன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க படிச்ச பொண்ணு, பொய் சொல்ல மாட்டீய. எங்க வீட்டுக்காரரு பெல்ட்டைக் கழட்டுனாராம்மா?" என்று கேட்டாளாமே. "நான் ஒண்ணும் மிண்டல்லைம்மா, வாயே திறக்கல்லை. தலையைக் குனிஞ்சுண்டு வந்துட்டேன்" என்றாய். நான் அதை விட்டுவிட்டுக் கையெழுத்தைப் பற்றியே பேசினேன். கேட்கவில்லை என்று நினைத்திருப்பாய். கேட்டது. ஏறக்குறைய அதே வார்த்தைகளை மலையாள தேசத்தில் நாம் குடியேறிய இந்தக் கரமனைத் தெருவில் என்னிடம் ஒருவர் கேட்டிருக்கிறார். நானும் தலையைத்தான் குனிந்துகொண்டேன்.

உனக்கு அப்போது ஆறு வயது. எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை, கேட்கப் பயம். அந்த நாளில் ஏகாதசிதோறும் நான் மௌன விரதம் இருப்பேன். அதிலும் காஷ்ட மௌனம். காஷ்டம் என்றால் கட்டை. கட்டையைப்போல இருக்க வேண்டும்: பேச்சு மட்டுமில்லை, ஜாடை கிடையாது, எழுதிக் காட்டுவது கிடையாது, தலையாட்டல்கூடக் கிடையாது. விடிந்ததிலிருந்து விளக்கேற்றும்வரை. தெருவில் மற்றவர்கள் பட்டினியோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் ஒருத்திதான் இதைச் செய்தேன், ஒரு தடவைகூடத் தவறியதில்லை என்பதில் எனக்கு எவ்வளவு கர்வம் என்று உனக்குத் தெரியாது. கான்வென்டில் படித்த காலத்திலேயே வந்த கர்வம் அது. அங்கே மணி அடித்துவிட்டால் வாய் திறக்கக் கூடாது. மாத முடிவில் ஒரு தடவையும் பேசிப் பிடிபடாத பெண்ணுக்கு ஒரு நீல நாடா குத்திவிடுவார்கள். அந்த நாடா பெரும்பாலும் என் சட்டையில்தான் இருந்தது. பேசாமல் இருப்பவள் நல்லவள் என்று எனக்குப் பத்து வயதிலேயே சான்றிதழ் கிடைத்துவிட்டது. அதை நான் சோதித்துப் பார்க்கவே இல்லை.

அந்த ஏகாதசியன்று காலையில் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். நீ என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாய். பக்கத்து வீட்டுக் கிணற்றடியில் அவர்கள் மருமகள் ராஜி தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி எட்டு மாதம். அவள் புருஷன் வந்தான். என்ன பேச்சு என்று தெரியாது. கையிலிருந்த பித்தளைச் செம்பால் அவள் இடது காதோடு சேர்த்து அடித்தான். அவள் சத்தமே போடவில்லை. அப்படியே உட்கார்ந்து, பிறகு சாய்ந்துவிட்டாள். அவன் நிமிர்ந்து பார்த்தபோது மதிலுக்கு இந்தப் பக்கம் நான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். நான் உன்னை இழுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

அன்றைக்குத்தானா அவள் அப்பா அம்பாசமுத்திரத்திலிருந்து சீர் கொண்டுவர வேண்டும்! மத்தியானம் வந்தவர் மகளைத் தலையில் கட்டோடு பார்த்திருக்கிறார். கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று மணிக்கு அவர் நம் வாசலில் வந்து நின்றார். உன் அப்பா ஆபீசில். நான் கதவருகே வந்தேன். "அம்மா, நீங்க கான்வென்ட்ல படிச்சவான்னு சொன்னா. நீங்க பொய் சொல்ல மாட்டேள். எம்பொண்ணு வழுக்கித்தான் விழுந்தாளா? அதை மட்டும் சொல்லுங்கோ. சரியில்லேன்னா இப்பவே கூட்டிண்டு போயிடறேன்" என்றார். நான் அசையாமல் நின்றேன். பக்கத்து வீட்டு மாமி, ராஜியின் மாமியார், தன் வாசலிலிருந்தே, "அவ இன்னிக்குக் காஷ்ட மௌனம்! பகவானே வந்து கேட்டாலும் பதில் வராது" என்று சொல்லிச் சிரித்தாள். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கண்ணசைவு போதும் அவருக்கு. நான் பார்வையை எங்கே வைத்திருந்தேன் தெரியுமா? அவர் செருப்பில். வார் அறுந்து கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

விரதம் காரணம் என்றுகூட நீ என்னை மன்னித்துவிடலாம். ஆனால் இதைக் கேள். ஆறரைக்கு விளக்கேற்றிவிட்டேன், விரதம் முடிந்தது. தெருமுனையில் அவர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தது மாடி ஜன்னலிலிருந்து தெரிந்தது. நீதான் பார்த்துவிட்டு ஓடி வந்தாய். "அம்மா, அந்தத் தாத்தா இன்னும் அங்கதான் நிக்கறார். நீ இப்போ பேசலாமே!" என்றாய். என்ன சந்தோஷம் உன் முகத்தில், ஒரு கணக்கு விடை வந்த மாதிரி. நான் ஜன்னலைச் சாத்தினேன். "மிண்டாதே!" என்றேன். அன்று காலையிலிருந்து நான் பேசிய முதல் வார்த்தை அது. ஏழு மணி பஸ்ஸில் அவர் தனியாகப் போனார்.

மறுநாள் அந்த மாமி ஒரு கிண்ணம் பலாப்பழப் பாயசம், சக்கப் பிரதமன், கொண்டுவந்தாள். "என்ன கட்டுப்பாடுடி உனக்கு! நம்ம தெருவுக்கே நீதான் கௌரவம்" என்றாள். வாங்கிக்கொண்டேன். சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. ராஜி அந்த வீட்டில் இன்னும் பதினோரு வருஷம் இருந்தாள். இடது காது போய்விட்டது. கொல்லையில் என்னைப் பார்த்தால் தலையைத் திருப்பி நல்ல காதை என் பக்கம் வைத்துக்கொள்வாள், ஏதாவது சொல்வேனோ என்று. நான் முருங்கைக்காய் விலையைச் சொல்வேன். பிறகு ஒருநாள் அவள் போய்விட்டாள். எங்கே என்று யாரும் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. உன் அப்பாவிடம் இதைச் சொன்னதே இல்லை. அவர் போய் ஒன்பது வருஷமாகிறது. இந்தக் கதை தெரிந்த ஆள் உலகத்தில் நீ ஒருத்திதான் மிச்சம், அதுவும் உனக்கு ஞாபகம் இருந்தால்.

உன் போனுக்கு மறுநாள், வியாழக்கிழமை காலையில் அலமாரியிலிருந்து பழைய அகராதியை இறக்கினேன். அச்சகத்தில் இருபத்தாறு வருஷம் தமிழ்ப் பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்தியவள். மனசு கலங்கினால் வார்த்தையைத் தேடிப் போவதுதான் எனக்குத் தெரிந்த வழி. உன்னிடம் எதைச் சொன்னேன் என்று பார்க்க வேண்டியிருந்தது. 'சும்மா' எங்கிருந்து வந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது போலிருக்கிறது. நம் பேச்சிலும் இருக்கிறது, மலையாளத்திலும் இருக்கிறது, பிறந்த இடம்தான் தெரியவில்லை. 'மிண்டாதே' நாம் இங்கே வந்து எடுத்துக்கொண்டது. மலையாளத்தில் மிண்டுவது என்றால் வாய் திறந்து பேசுவது. தமிழ் அகராதியிலோ மிண்டு என்றால் வலிமை, துடுக்கு. 'மௌனம்' முனியிலிருந்து வந்தது. முனிவனுடைய நிலை அது. முனி என்கிற சொல்லை நினைப்பது, யோசிப்பது என்ற வேரோடு சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். கட்டையாக நிற்பதை அந்தச் சொல் கேட்கவே இல்லை என்று எழுபத்தெட்டு வயதில் தெரிந்துகொள்கிறேன்.

அதிக நேரம் உட்கார்ந்தது 'அமைதி'யோடுதான். பள்ளிக்கூடச் சுவரிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் எழுதியிருக்கிறதே, அந்த அமைதி. எத்தனை ஆயிரம் தடவை இந்தச் சொல்லைப் பிழை பார்த்துத் தாண்டிப் போயிருப்பேன்! அது 'அமை' என்பதிலிருந்து வந்தது. அமைவது என்றால் பொருந்துவது, தன் இடத்தில் சேர்ந்து நிற்பது. அதனால்தான் வீடு அமைகிறது, வரன் அமைகிறது, சாரம் அமைக்கிறார்கள். அகராதியில் முன்வரிசையில் நிற்கிற பொருள் பொருத்தம், தன்மை. சத்தமில்லாமல் இருப்பது என்பது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. எல்லாம் அதனதன் இடத்தில் பொருந்திவிட்டால் இரைச்சல் தானாக அடங்குமே, அந்த வழியாக வந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம். பண்டிதர்கள் வேறு சொல்லலாம். ஆனால் ராஜியின் வீட்டில் சத்தம் இல்லாத பதினோரு வருஷத்தை நான் அமைதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் எதுவும் எதனோடும் பொருந்தி நிற்கவில்லை. கட்டுத் தளர்ந்த சாரத்தைப் பற்றி உன்னிடம் அதே சொல்லைச் சொன்னேன். பக்கத்தைக் கிழித்துவிட்டு, செத்துப்போனவர் தலையில் பழியைப் போட்டுவிட்டு, எல்லாரும் வாயை மூடிக்கொண்டால் அதற்கு வேறு ஏதாவது பெயர் இருக்கும். அமைதி என்று நான் சொன்னது தப்பு.

இப்போது உன்னிடம் மறைத்ததைச் சொல்கிறேன்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். வெள்ளை முண்டு, நல்ல சட்டை, கையில் ஒரு போளிப் பொட்டலம். "அம்மே, நான் மோளோட கம்பெனியில உள்ள ஆளாக்கும். சும்மா ஒண்ணு கண்டுட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார். பெயர் சொல்லவில்லை. உட்காரச் சொன்னேன். இத்தனை வயசுக்குப் பிறகும், வந்தவரிடம் "காப்பி சாப்பிடறேளா?" என்றுதான் என் வாய் கேட்டது. கேட்டது மட்டுமில்லை, புது டிகாக்‌ஷன் போட்டுக் கொடுத்தேன். "காப்பி அசலாயிட்டுண்டு, கேட்டோ" என்று மெல்லக் குடித்தார். "மோளு நல்ல குட்டியாக்கும். கொஞ்சம் வாசி, பிடிவாதம் கூடுதல், அவ்வளவுதான். திங்களாழ்ச்ச ஒரு ஒப்பு போட்டா எல்லாருக்கும் சமாதானம். அம்மே சொன்னா கேக்கும் அல்லே?" என்றார். நான், "அவ குழந்தை இல்லை. அவளுக்குத் தெரியும்" என்றேன். அவர் சிரித்தார். எழுந்து நின்று வீட்டைச் சுற்றிப் பார்த்தார். "இவ்வளவு பெரிய வீட்டுல அம்மே ஒத்தைக்கு அல்லே தாமசம்? பின்வாசல் நேரே ஆத்துப் படிக்கட்டுக்கு அல்லே? பயப்படண்டா, நான் சும்மா கேட்டதாக்கும்" என்றார். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "மோளு கழக்கூட்டத்துல அந்தப் பச்சை கேட்டு வீட்டுல அல்லே? ராத்திரி வண்டி ஓட்டி வர்றது சூட்சிக்கணும், பாத்து வரணும்னு சொல்லுங்கோ" என்றார்.

அன்று சாயங்காலம்தான் நீ கூப்பிட்டாய். "என்னம்மா செய்யட்டும்?" என்றாய். நீ கேட்டது ஒரு தாயின் புத்திமதியை. உனக்குக் கிடைத்தது அந்த மனிதர் வைத்துவிட்டுப் போன வார்த்தை. என் வாயால் வந்தது, அவ்வளவுதான். அவர் வந்ததை நான் சொல்லவே இல்லை. நீ பயப்படுவாய் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பொய். சொன்னால் நீ கோபம் வந்து கையெழுத்துப் போட மாட்டாய் என்றுதான் பயந்தேன். உன் முன்னால் எல்லாவற்றையும் வைக்காமல், உனக்குப் பதிலாக நான் முடிவெடுத்தேன். உன்னை நான் ஏமாற்றியது இதுதான்.

நான் தைரியசாலியாக மாறிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அன்றிலிருந்து பின்வாசல் தாழ்ப்பாளைப் பகலிலேயே நாலு தடவை போய்த் தொட்டுப் பார்க்கிறேன். துணி உலர்த்தக் கொல்லைக்குப் போகவில்லை. கூடத்தில் கொடி கட்டியிருக்கிறேன். வாசலில் பைக் நின்றால் அடுப்பை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். போளிப் பொட்டலம் பிரிக்காமல் அப்படியே சமையலறை மேடையில் இருக்கிறது. எறும்பு மொய்க்கிறது, தூக்கி எறியக்கூட அதைத் தொட முடியவில்லை. உன் வண்டி, அந்த நெடுஞ்சாலை, பின்னால் வருகிற லாரி, இதையே கண் முன்னால் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ கையெழுத்துப் போட்டுவிட்டால் இந்தப் பயமெல்லாம் திங்கட்கிழமை மத்தியானமே தீர்ந்துவிடும். அது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அந்தக் கொத்தனாரின் மனைவி எங்கேயாவது கடைத்தெருவில் எதிரே வந்து உன் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு நீ காய்கறி விலை சொல்லிக்கொண்டு இன்னும் முப்பது வருஷம் வாழ வேண்டும். இரண்டு பயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் இரண்டாவதில் வாழ்ந்தவள். அது தேய்வதில்லை, காயத்ரி.

ஆகையால் என் பதிலைத் திரும்பப் பெறுகிறேன். உன் பதில் என்ன என்பது உன்னுடையது. நீ என்ன முடிவு செய்தாலும் இந்த வீட்டுக் கதவு உனக்குத் திறக்கும். அதை இந்த விஷயத்தோடு நான் முடிச்சுப் போடவில்லை. ஆனால் எதைச் செய்தாலும் இவற்றைச் செய். இன்றைக்கே அந்தப் படத்தை உன் சிநேகிதி, அந்த வக்கீல் பெண்ணுக்கு அனுப்பு. ஒரு போனில் மட்டும் இருக்க வேண்டாம். அந்தப் பச்சை கேட்டு வீட்டில் இனி தனியாக இருக்காதே; அவள் வீட்டுக்குப் போய்விடு. வண்டியை எடுக்காதே, கூட்டமான பஸ்ஸில் போ. விசாரணைக்குக் கம்பெனிக்காரர்களோடு காரில் போய் இறங்காதே. கேட்டதற்கு மட்டும் பதில் சொல். கோபத்தில் ஒரு வார்த்தை கூட்டாதே. பார்த்ததைப் பார்த்தேன் என்றும், எழுதியதை எழுதினேன் என்றும் சொன்னால் போதும். தெரியாததைத் தெரியாது என்று சொல்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போவதில்லை. கழக்கூட்டத்தில் வேலை பார்க்கும் எதிர் வீட்டு மைதிலியிடம் ஒட்டிக் கொடுக்கப் போகிறேன்; உன் கையில்தான் கொடுப்பாள். இதோடு இன்னொரு தாளும் இருக்கிறது. புதன்கிழமை வந்தவர் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும், காப்பியைப் பாராட்டியதையும் விடாமல், ஒன்றரைப் பக்கத்தில் எழுதிக் கீழே என் முழுப்பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன். உன்னிடம் இருப்பது அதன் நகல். அசலை விசாரணை அதிகாரியிடம் நானே கொடுக்கப் போகிறேன். நீ கையெழுத்துப் போட்டாலும் கொடுப்பேன், போடாவிட்டாலும் கொடுப்பேன். அது நான் பார்த்தது, நான் கேட்டது. அதற்கு உன் அனுமதி வேண்டியதில்லை.

திங்கட்கிழமை எட்டரைக்கு ஆட்டோ வரச் சொல்லியிருக்கிறேன். ஒன்பதே காலுக்கு விசாரணை நடக்கிற அந்த ஆபீஸ் வாசலில் இருப்பேன். "இந்த வயசுல நீ ஏம்மா வந்தே, ஆத்துக்குப் போ" என்று ஆரம்பிக்காதே, போக மாட்டேன். படியேறும்போது என் கை நடுங்கும். அதைப் பார்க்காத மாதிரி இருந்துவிடாதே. பிடித்துக்கொள்.

அம்மா